ஒடித்துப் போட்ட கொப்புகள்

எங்கள் கிணற்றுக் கயிறு அறுந்து வாளி உள்ளே போனது ஒரு மத்தியானம். கயிறு என் அண்ணா எங்கேயோ தேடிப்பிடித்த பழைய கயிறு. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது நான். விறகு விற்கிற அக்காவோ தலைச்சுமையை வேலியோரம் இறக்கிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டு நின்றவர். வாளி விழுந்த சத்தம் கேட்டதும் ஓடிவந்து கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"எம் மேலதான் தப்பு டீச்சர். நான் தண்ணி கேக்காட்டி நீங்க அவசரப்பட்டு இழுத்திருக்க மாட்டீங்க."

நான் சிரித்துவிட்டேன். எனக்கு அன்று நல்ல கோபம் வந்திருக்க வேண்டும்; ஆனால் ஒருவர் இப்படி வலிய வந்து குற்றத்தைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டால் யாரோடு கோபிப்பது? அவர் போய் யாரிடமோ பாதாளக் கரண்டி வாங்கிவந்து வாளியையும் எடுத்துத் தந்துவிட்டுத்தான் விறகைத் தூக்கினார்.

அப்போது நாங்கள் அக்கராயனில் இருந்தோம். சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து கடல் கடந்து கிளிநொச்சிக்கு வந்து, அங்கே ஒரு கதிரை, ஒரு அலுமாரி என்று சாமான் சேர்வதற்குள் அங்கிருந்தும் எழும்பி, குளத்துக்குக் கிட்ட ஒருவரின் காணியில் கொட்டில் போட்டிருந்தோம். நான், அண்ணா, அண்ணாவின் மனைவியான மச்சாள், மச்சாளின் மறியாடு. அந்த ஆட்டின் பாலில்தான் எங்கள் தேத்தண்ணீர். நான் மரங்களுக்குக் கீழே நடந்த பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன். கணக்கு ரீச்சர் என்ற தலைக்கனம் இடம்பெயரும்போது விட்டுவிட்டு வருகிற சாமான் அல்ல. அது என்னோடு பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது.

விறகுக்கார அக்கா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். கலவரமொன்றில் குடியிருந்த லயம் எரிந்தபின் வன்னிக்கு வந்து, கூலி வேலையும் காட்டு விறகுமாகப் பிழைத்தவர். நாற்பது வயதிருக்கும். தலையில் ஒன்றுமில்லாதபோதும் கட்டுச் சுமப்பவர் போலக் கழுத்தை நிமிர்த்தி, கொஞ்சம் முன்னே சரிந்து நடப்பார். வாயில் எப்போதும் வெற்றிலை. வந்தவர் யாரானாலும் வாசல் படலை வரை கூடவே வந்து வழியனுப்பாமல் விடமாட்டார். அவருடைய வளவுக்குப் படலையே கிடையாது, வேலித் தடியாக இரண்டு கதியால் மட்டும்தான் நின்றது, ஆனாலும் அதுவரை வருவார்.

சங்கக்கடையில் நிவாரணம் கொடுக்கிற நாட்களில் அவரைப் பார்க்க வேண்டும். வரிசையில் இடம் பிடிப்பதில் இரண்டு பெண்கள் சண்டை பிடிப்பார்கள். ஒருத்தி மற்றவளின் குடும்பத்தையே நாலு தலைமுறைக்கு இழுப்பாள். இவர் நடுவே புகுந்து, "நான்தாம்மா முன்னுக்குத் தள்ளி நின்னுட்டேன், எம் மேலதான் தப்பு" என்பார். என்றுவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொள்வார். சண்டை அத்தோடு தணிந்துவிடும். கோதுமை மா முடிந்து போன ஒருநாள் அவர் வெறும் பையோடு திரும்பிப் போனதையும் நான் பார்த்தேன்.

மச்சாள் அவருக்கு ஒரு பட்டமே வைத்திருந்தாள். வேலிக்கு வெளியே தலை தெரிந்தால், "உங்கடை தப்புக்காரி வாறா" என்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வெயில் கூடினாலும் மழை வந்தாலும் அவர் மேல்தான் தப்பு என்று எங்களுக்குள் ஒரு பகிடி.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏன் அக்கா, செய்யாததையெல்லாம் நான்தான் செய்தனான் எண்டு சொல்லுறீங்கள்?"

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "தோட்டத்துல கொழுந்துல ஏதாச்சும் கொறை வந்தா கங்காணி கத்துவாரு டீச்சர். யாரும் வாயத் தொறக்காட்டி நின்ன அத்தன பேருக்கும் அரைப் பேர்தான், அர நாள் சம்பளம். ஒருத்தி 'நான்தாங்க'ன்னா கத முடிஞ்சிச்சு. மத்தவங்க வீட்டுக்குப் போயி ஒல வைக்கலாம்."

"அப்ப அந்த ஒருத்தி?"

"அவ தாங்குவா. தாங்குற மாதிரி ஒருத்தி எப்பவும் இருப்பால்ல?"

எனக்கு அது அடிமைப் புத்தியாகத்தான் பட்டது. அப்படியே முகத்துக்கு நேரே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் "இருக்கும் டீச்சர்" என்று அதையும் ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஆனி கடைசியில் பாலைப்பழக் காலம் வந்தது. வன்னியில் அந்தக் காலத்தில் காடு முழுக்க மஞ்சள் மணிகளாகப் பழம். தித்திப்பென்றால் அப்படி ஒரு தித்திப்பு. ஆனால் பால் உதட்டில் பட்டால் வாயைத் திறக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும். உதட்டில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு தின்ன வேண்டும் என்று அவர்தான் எங்களுக்குக் காட்டித் தந்தார். கொஞ்சப் பழம் கொண்டுவந்து தந்தவரிடம், "எங்களையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோவன்" என்று கேட்டது நான். இடம்பெயர்ந்து வந்ததிலிருந்து வரிசை, பதுங்குகுழி, கொட்டில் என்று கிடந்த எனக்கு ஒருநாள் உல்லாசம் தேவைப்பட்டது. மச்சாளையும் இழுத்துக்கொண்டேன். அண்ணா பூநகரிப் பக்கம் அலுவலாகப் போயிருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டோம். வானம் மந்தாரமாக இருந்தது. வெயில் இல்லை என்று சந்தோசப்பட்டோம். காட்டு வாசலில் அவர் நின்று, இலையும் குழையுமாக ஒரு கொப்பை ஒடித்து, ஐயனாருக்கென்று மரமொன்றில் கட்டிக் கும்பிட்டார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கத்தியோடு முன்னே நடந்தார். நடுவில் மச்சாள். கடைசியில் இரண்டு சாக்கோடு நான். ஒன்று பழத்துக்கு, மற்றது ஆட்டுக்குக் குழை கிடைத்தால் போடுவதற்கு.

விளிம்பில் நின்ற மரங்களை எங்களுக்கு முன்னமே வந்த சனம் உலுப்பி முடித்திருந்தது.

"உள்ளுக்குப் போனா நல்ல மரம் இருக்கு டீச்சர்" என்றார் அவர். "ஆனா நான் அந்தப் பக்கம் ரெண்டு தரந்தான் போயிருக்கேன். இன்னொரு நாளைக்குப் பாப்போமே."

"இவ்வளவு தூரம் வந்திட்டு வெறுங்கையோடையோ போறது? நடவுங்கோ" என்றேன்.

அவர் நடந்தார். போகப் போக, வழி திரும்புகிற இடமெல்லாம் ஒரு கொப்பை ஒடித்துக் கீழே போட்டுக்கொண்டு போனார். முகத்தில் அடிக்கிற கொப்புகளை எங்களுக்காக ஒடித்து வழி விடுகிறார் என்று நான் நினைத்தேன். அவை திரும்பி வருவதற்கான அடையாளம் என்பதை அவர் சொல்லவில்லை. காட்டுக்குப் போகிற யாருக்கும் அது சொல்லித் தெரிய வேண்டிய விசயம் இல்லை.

நான் காட்டுக்குப் போகிறவள் இல்லை. நான் குடாநாட்டுக்காரி. எங்கள் ஊரில் ஒரு பூவரசங்கொப்பு முறிந்து ஒழுங்கையில் விழுந்தால் அது பத்து நிமிடம் கிடக்காது. யாராவது ஒருவர் ஆட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு பிடி குழைக்காக வேலிச் சண்டை நடந்த மண். நல்ல பச்சைக் குழை காலடியில் கிடக்க, கடந்து போக எனக்குக் கால் வரவில்லை. அவர் ஒடித்து ஒடித்துப் போட, நான் பின்னால் குனிந்து குனிந்து பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டே போனேன். எனக்கு வேலை மிச்சம் என்ற நினைப்பு வேறு. நான் குழை பொறுக்குவது மச்சாளுக்குத் தெரியும். எந்தக் குழை என்று தெரியாது. அவள் கண் முழுக்கத் தன் காலடியிலும் முள்ளிலும் இருந்தது.

மரம் கிடைத்தது. வயிறு முட்டத் தின்று, சாக்கை நிரப்பிக்கொண்டு, பின்னேரம் ஆகிறதே என்று திரும்பினோம். கொஞ்ச தூரம் அவர் நம்பிக்கையாகத்தான் நடந்தார். ஓரிடத்தில் நின்று தரையைப் பார்த்தார். "மான் கீன் இழுத்துருச்சோ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நடந்தார். இன்னோரிடத்தில் நின்றார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. பிறகு ஆளுயரப் புற்று ஒன்றின் அருகே வந்தோம். அதைச் சுற்றிச் சுற்றித் தேடினார்.

"புத்தடியில ஒண்ணு ஒடிச்சுப் போட்டேனே. கொப்பு இல்லையே. அப்ப இது வேற புத்து டீச்சர். நம்ம வழி இது இல்ல."

அதே புற்றுத்தான். எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதன் அடியில் கிடந்த கொப்பைப் பொறுக்கக் குனிந்தபோது, பொந்துக்குள் பாம்பு இருக்குமோ என்று பயந்து கையை வெடுக்கென்று இழுத்தவள் நான். அந்தக் கொப்பு என் தோளில் தொங்கிய சாக்குக்குள் இருந்தது.

"இதுதான் வழி அக்கா, கொப்பை நான் எடுத்திட்டன்." சொல்ல வேண்டியிருந்தது அவ்வளவுதான். நாங்கள் சரியான வழியில்தான் நின்றோம். அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. வெட்கம். படிப்பிக்கிறவள், ஒரு விறகுக்காரிக்கு முன்னால், மச்சாளுக்கு முன்னால், ஆட்டுக்குழை பொறுக்கி வழியை அழித்தேன் என்று சொல்வதா? எப்படியும் அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் தன் கண்ணை நம்பவில்லை, ஒடித்துப் போட்ட கொப்புகளை மட்டும் நம்பினார். அவை இல்லாததால் சரியான வழியை விட்டுவிட்டு எங்களைத் தவறான பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

வெயில் இல்லாததால் திசை தெரியவில்லை. கிழக்கே தவறிப் போனால் ஆமிக்காரரின் காவலரண்கள். அந்தப் பயத்தில் அங்கும் இங்குமாகத் திரும்பித் திரும்பி ஓடினோம். அந்த ஓட்டத்தில்தான் மச்சாள் காய்ந்த ஆற்றுப் பள்ளத்துக்குள் விழுந்தாள். கணுக்கால் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

அந்த இரவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மூன்று பேரும் ஒரு மரத்தடியில் விழித்திருந்தோம். விடிந்ததும் அவர் மச்சாளை முதுகில் தூக்கினார். பழச் சாக்கைப் போட்டுவிடச் சொன்னார், போட்டேன்.

"அதையும் போட்டுருங்க டீச்சர். எதுக்குச் சொமக்கிறீங்க?"

"ஆட்டுக்கு" என்றேன். கொட்டினால் கொப்புகள் வெளியே வருமே. மச்சாள் அவர் முதுகில் முனகிக்கொண்டு வர, நான் ஒரு சாக்கு வாடிய குழையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அவர் ஆற்றுப் பள்ளத்தோடு நடந்து, மாட்டுச் சாணம் கண்டு, அது போன வழியே போய், மத்தியானத்துக்குக் கிட்ட ஒரு சிறு குளத்தடியில் மாடு மேய்க்கிறவர்களைக் கண்டுபிடித்தார். அவர்கள் மாட்டுவண்டியில் எங்களை வீடு சேர்த்தார்கள்.

வீட்டு வாசலில் ஊரே நின்றது. அண்ணாவும் வந்துவிட்டார். மச்சாளின் காலைப் பார்த்ததும் அவருக்குக் கண் மண் தெரியவில்லை.

"வழி தெரியாட்டி என்னத்துக்கு எங்கடை பொம்பிளையளைக் காட்டுக்குள்ளை கூட்டிக்கொண்டு போனனீ?"

விறகுக்கார அக்கா எல்லோருக்கும் நடுவே நின்றார். இரவு முழுக்க விழித்த கண், மச்சாளைச் சுமந்து வளைந்த முதுகு. "எம் மேலதான் தப்புங்க. அடையாளம் போடாமப் போயிட்டேன் போல" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். சாக்கு என் காலடியில் இருந்தது. வாய் திறக்கவில்லை. அடுத்த நாள் காலை அந்தக் குழையை ஆட்டுக்குப் போட்டேன். வாடியிருந்தாலும் அது ஆசையாகத் தின்றது. மிஞ்சிய குச்சிகளை எண்ணினேன். பதினொன்று. எங்கள் வீட்டுக்கு வருகிற வழியை ஆடு தின்று முடித்திருந்தது.

மச்சாளின் காலுக்கு முறிவு வைத்தியர் மூலிகைப் புக்கை கட்டினார். எலும்பு கோணலாகத்தான் பொருந்தியது. அதற்குப் பிறகு ஓட வேண்டி வந்த ஒவ்வொரு முறையும் அவளைச் சைக்கிள் கரியரில் வைத்துத்தான் ஓட்டினோம்.

ஆனால் நான் எழுத வந்தது மச்சாளின் காலைப் பற்றி அல்ல. அந்தப் பெண்மணியைப் பற்றி. வாசலில் சொன்னதுதான், அதன் பிறகு "எம் மேலதான் தப்பு" என்று அவர் சொல்லி நான் கேட்கவில்லை. சங்கக்கடை வரிசையில் சண்டை நடந்தால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். மற்றவர்களின் தப்பை இவ்வளவு காலமும் அவர் கைமாற்றாக வாங்கி வைத்திருந்தார். தன்னுடையது இல்லை என்று அவருக்குத் தெரியும், அதனால் சுமை தெரியவில்லை. இதை மட்டும் அவர் உண்மையாகவே தன்னுடையது என்று நம்பிவிட்டார்.

காட்டுக்குப் போவதை விட்டார். கத்தி கூரைச் செருகலில் துருப்பிடித்தது. "அவளை நம்பிப் போகேலாது" என்று ஊர் சொன்னதற்காக அல்ல. அவருக்கே தன்னை நம்ப முடியவில்லை. களை பிடுங்கவும் நாற்று நடவும் போனார். விறகு விற்றவர் உமியைப் போட்டு அடுப்பெரித்ததை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு வந்து சோறு தின்றேன்.

ஒருநாள் ஆமியின் பீரங்கிச் செல்லடிக்கு எல்லோரும் ஓடுகிறோம். சந்தியில் அவர் தனியே நிற்கிறார். என்னைக் கண்டதும், "டீச்சர், கொளத்தடிக்கு இந்தப் பக்கந்தானே?" என்று கேட்டார். இருபது வருடமாக நடந்த பாதை. நான் "ஓம் அக்கா" என்று கையைக் காட்டிவிட்டு ஓடினேன். செல்லை விட அந்தக் கேள்விதான் என்னைத் துரத்தியது.

அப்படியும் உடனே சொன்னேனா? இல்லை. நாங்கள் திரும்பவும் கிளிநொச்சிக்குப் போய், அங்கே ஒரு வீடு மாதிரி ஒன்று அமைந்த பிறகு, ஒரு சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்கராயனுக்குப் போனேன். காட்டுக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. நல்லவளாக ஆவதற்கு எனக்கு அவ்வளவு காலம் தேவைப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் உமி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. "வாங்க டீச்சர், சாயம் ஊத்தவா?" என்றார். தேத்தண்ணீர் வரும்வரை பொறுத்தால் மறுபடி கோழையாகிவிடுவேன் என்று, நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, அண்டைக்குக் காட்டுக்குள்ளை நீங்கள் ஒடிச்சுப் போட்ட கொப்பையெல்லாம் பின்னாலை வந்த நான்தான் பொறுக்கினனான். ஆட்டுக்கு. அந்தச் சாக்குக்குள்ளை இருந்தது அதுதான். அந்தப் புத்து எங்கடை புத்துத்தான்."

அவர் ஊதுகுழலைக் கீழே வைத்தார். கோபிப்பார், அழுவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகப் போயிருந்தேன். அவர் கேட்டது வேறு.

"எத்தன கொப்பு டீச்சர்?"

"பதினொண்டு."

அவர் கையை மடியில் வைத்து ஒவ்வொரு விரலாக மடக்கினார். காட்டு வாசலிலிருந்து பாலைமரம் வரை ஒவ்வொரு திருப்பமாக நடந்து பார்க்கிறார் என்று விளங்கியது. உதடு அசைந்தது. கடைசியில் நிமிர்ந்தார்.

"நான் பன்னெண்டு ஒடிச்சேன். மொதலாவது ஐயனாருக்குக் கட்டினது. அத நீங்க எடுக்கலியே?"

"இல்லை அக்கா."

"அப்ப சரி" என்றார். மூச்சு விட்டார். "அப்ப நான் ஒடிச்சிருக்கேன்."

முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். "ஒடிச்சேனா, ஒடிச்சதா நெனச்சுக்கிட்டேனான்னு எனக்கே தெரியாமப் போச்சு டீச்சர். மூணு வருசமா வீட்டுக்கு வெளிய காலடி வச்சா, போற வழி சரிதானான்னு பயம்."

"என்ரை பிழை அக்கா. முழுக்க என்ரை பிழை" என்றேன்.

சொல்லிவிட்டு நின்றேன். உண்மையைச் சொன்னால், நான் காத்துக்கொண்டு நின்றேன். இனி அவர் பழையபடி சொல்வார்: இல்ல டீச்சர், எம் மேலதான் தப்பு, அடையாளம்னு நான் சொல்லியிருக்கணும். அப்படிச் சொல்லி என் தலையிலிருந்து இதையும் இறக்கி எடுத்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில்தான் அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்திருக்கிறேன் என்பது அந்த இடத்தில்தான் எனக்கே தெரிந்தது.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"ஆமா டீச்சர்" என்றார். "ஒங்க அண்ணன்கிட்டயும் சொல்லிருங்க."

பிறகு எழுந்து, கூரைச் செருகலில் கையை விட்டுக் கத்தியை எடுத்தார். துருவை விரலால் தடவிப் பார்த்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். கதியால் வரை அவர் வரவில்லை. பின்னால் கல்லில் கத்தி தீட்டுகிற சத்தம் கேட்டது.